விமானத்தில் தீ என்றால் பெட்டியை விட்டுவிட்டு இறங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓடுபாதையில் தீப்பற்றிய விமானத்திலிருந்து பயணிகள் உயிருடன் வெளியேறினார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம், விமானியின் சாமர்த்தியத்தையும் பயணிகளின் நல்லூழையும் எழுதிவிட்டு நாளிதழ்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. அந்த ஓரிரு நிமிடங்களில் பயணிகள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்ற விவரம் பெரும்பாலும் அச்சேறுவதில்லை. விமானத்தில் ஏறுகிற எவருக்கும் பயன்படக்கூடியது அந்த விவரம்தான் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

விமானம் விபத்துக்குள்ளானால் யாரும் பிழைக்க மாட்டார்கள், ஆகவே நாம் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூட ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மை நிலவரம் அப்படி இல்லை. 1983 முதல் 2000 வரை அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு நேர்ந்த 568 விபத்துகளை அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2001-இல் அறிக்கை வெளியிட்டது. அந்த விபத்துகளில் சிக்கியவர்களில் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். தீயும் பலத்த சேதமும் ஏற்பட்ட கடுமையான விபத்துகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்திருந்தார்கள். எனவே, பிழைக்க வாய்ப்புள்ள ஒரு விபத்தில் நாம் என்ன செய்வோம் என்பது வீண் கேள்வி ஆகாது.

இத்தகைய விபத்துகளில் மோதலைத் தாண்டி உயிர் பிழைத்தவர்கள், விமானம் தரையில் நின்ற பிறகு புகையில் சிக்கி இறந்துபோவதுதான் மிகவும் வேதனைக்குரியது. 1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டர் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தபோது, இடப்பக்க எஞ்சின் சிதறி இறக்கையிலிருந்த எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. விமானி உடனே புறப்பாட்டைக் கைவிட்டு விமானத்தை நிறுத்தினார். விமானம் தரையை விட்டு எழவே இல்லை. எதன் மீதும் மோதவும் இல்லை. ஆயினும் அதிலிருந்த 137 பேரில் 55 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையோரைக் கொன்றது நச்சுப் புகை. முன்பக்கத்தில் குறுகலான ஓரிடத்தில் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டதும், இறக்கைக்கு மேலிருந்த அவசர வழியைத் திறக்கத் தாமதமானதும் அந்தச் சில விநாடிகளைப் பறித்துக்கொண்டன. இருபது கிலோவுக்கும் அதிக எடையுள்ள அந்தக் கதவு உட்புறமாகச் சாய்ந்து விழும் என்பதை அதன் அருகில் அமர்ந்திருந்தவர்களுக்கு எவரும் முன்கூட்டி விளக்கியிருக்கவில்லை. அவசர வழியை ஒட்டிய இருக்கையில் அமர்பவரிடம் பணியாளர்கள் இன்று தனியே வந்து பேசுவதற்கும், அந்த வரிசையில் இடைவெளி கூடுதலாக விடப்படுவதற்கும் பின்னால் இத்தகைய இழப்பு இருக்கிறது. கால் நீட்ட வசதியாக இருக்கிறதே என்பதற்காக மட்டும் அந்த இருக்கையைக் கேட்டு வாங்குபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் ஹெலன் மியூர் என்ற உளவியல் பேராசிரியர் நடத்திய சோதனைகள் விமானப் பாதுகாப்பின் வரலாற்றில் முக்கியமானவை. தன்னார்வலர்களை ஒரு விமானத்தில் அமர்த்தி, அவசரமாக வெளியேறச் சொன்னபோது எல்லோரும் ஒழுங்காக இறங்கினார்கள். முதலில் வெளியேறும் பாதிப் பேருக்குத் தலைக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று அறிவித்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. அதே விமானத்தில், அதே வழிகளில், மக்கள் இருக்கைகளின் மேல் ஏறிக் குதித்தார்கள். குறுகலான வழிகளில் ஒருவரோடு ஒருவர் சிக்கி அசைய முடியாமல் நின்றார்கள். ஐந்து பவுண்டுக்கே இப்படி என்றால், உயிருக்காக ஓடும்போது என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். ஒவ்வொருவரும் தாம் முந்த வேண்டும் என்று முட்டி மோதும்போது வழி அடைபட்டு எல்லோருக்குமே தாமதமாகிறது என்பது இந்தச் சோதனைகளால் கண்ணெதிரே நிரூபணமாயிற்று.

ஒரு புதிய விமானம் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற வேண்டுமானால், அதிலுள்ள அத்தனை பேரும், அவசர வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, மங்கலான அவசர விளக்கொளியில், 90 விநாடிகளுக்குள் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு 2006-இல் ஹாம்பர்க் நகரில் நடந்த சோதனையில் 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறினார்கள். இது வியக்கத்தக்க சாதனைதான். ஆனால், இந்தச் சோதனையில் எவரும் மேலே உள்ள அடுக்கைத் திறந்து தம் பெட்டியை இறக்கி எடுத்துக்கொண்டு வருவதில்லை. அதாவது, விமானத்தின் வடிவமைப்பு நமக்கு வாக்களிக்கிற 90 விநாடி, எல்லோரும் வெறுங்கையுடன் இறங்குவார்கள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. நடைமுறையில் அந்த நம்பிக்கை மீண்டும் மீண்டும் பொய்க்கிறது என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டிய கவலை.

2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே 300 பேர் இருந்தார்கள். எல்லோரும் உயிருடன் வெளியேறினார்கள். ஆனால் உள்ளே புகை சூழ்ந்துகொண்டிருந்தபோது, பணியாளர்கள் கத்திக் கத்திச் சொல்லியும், பலர் மேல் அடுக்குகளைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த காட்சியை ஒரு பயணியின் கைப்பேசி பதிவு செய்திருக்கிறது. விமானம் நின்ற சில நிமிடங்களிலேயே அதன் எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் அதில் உயிர் நீத்தார். பயணிகள் அனைவரும் பிழைத்ததால் பெட்டி எடுத்தது தவறில்லை என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அன்று மிஞ்சியிருந்த நேரம் எவ்வளவு என்பது பெட்டிக்குக் கை நீட்டிய ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் கிடைத்தது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படையின் சிறிய விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்திலிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தனர். பெரிய விமானத்திலோ 379 பேர் இருந்தனர். அறிவிப்பு ஒலிபெருக்கி செயலிழந்துவிட்டது. எட்டு அவசர வழிகளில் மூன்று மட்டுமே பயன்படும் நிலையில் இருந்தன. பணியாளர்கள் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியாலும் தொண்டை கிழியக் கத்தியும் வழிகாட்டினார்கள். எந்தக் கதவு பாதுகாப்பானது என்று பார்த்து உறுதிசெய்யும்வரை பயணிகள் காத்திருந்தார்கள். பிறகு பெட்டிகளை விட்டுவிட்டு வரிசையாக இறங்கினார்கள். விமானம் பின்னர் முழுவதும் எரிந்து போயிற்று. அதிலிருந்த 379 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதை அதிசயம் என்று சொல்வது அந்தப் பணியாளர்களின் பயிற்சியையும், அந்தப் பயணிகளின் கட்டுப்பாட்டையும் குறைத்து மதிப்பிடுவதாகும் என்றே கருதுகிறேன்.

பெட்டியை எடுப்பதால் அப்படி என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. மேல் அடுக்கைத் திறக்க ஒருவர் நடைபாதையில் நின்றால் அவருக்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் நின்றாக வேண்டும். அந்த நடைபாதையில் ஒருவரைத் தாண்டி இன்னொருவர் போக இடமில்லை. வெளியே இறங்கப் பயன்படும் சறுக்கு, காற்று நிரப்பிய துணியால் ஆனது. பெட்டியின் கூர்மையான முனையோ சக்கரமோ அதைக் கிழித்துவிட்டால் அந்த வழியே பறிபோய்விடும். சறுக்கில் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு குதித்து அமர வேண்டியவர், பெட்டியை அணைத்துக்கொண்டு தயங்கி நிற்பார். கீழே முன்னால் இறங்கியவர் மேல் அந்தப் பெட்டி விழுந்து எலும்பை முறிக்கும். குதிகால் உயர்ந்த செருப்புகளைக் கழற்றிவிடச் சொல்வதும் சறுக்கைக் காக்கத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், பெட்டியை எடுப்பவர்கள் அனைவரையும் சுயநலக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விமானம் நின்றதும் எழுந்து மேல் அடுக்கைத் திறப்பது ஒவ்வொரு பயணத்திலும் கை தானாகச் செய்து பழகிய வேலை. அச்சத்தில் உறைந்த மனம் பழகிய வேலையைத்தான் முதலில் செய்யும். இருக்கைப் பட்டையைக் கழற்றும்போது, காரில் செய்வதுபோல் பக்கவாட்டில் பொத்தானைத் தேடித் தடுமாறியவர்கள் உண்டு என்று விபத்தில் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மேலும், அந்தப் பெட்டியில் கடவுச்சீட்டு இருக்கும், அன்றாடம் உட்கொள்ள வேண்டிய மருந்து இருக்கும், அயல்நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணமோ சான்றிதழ்களோ இருக்கும். அவற்றை நெருப்பில் விட்டுவிட்டு வா என்று சொல்வது எளிது. கேட்பவருக்கு அது எளிதில்லை. ஆகவே தீர்வைப் பயணத்தின் தொடக்கத்திலேயே தேட வேண்டும். கடவுச்சீட்டு, கைப்பேசி, இன்றியமையாத மருந்து, கண்ணாடி ஆகியவற்றை விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் சட்டைப்பையிலோ, உடம்போடு ஒட்டியிருக்கும் சிறு பையிலோ வைத்துக்கொண்டால், எழுந்து ஓட வேண்டிய வேளையில் மேலே பார்க்க வேண்டிய தேவையே எழாது. இந்த ஒரு பழக்கத்தை எல்லாப் பயணிகளும் கைக்கொண்டால், பாதுகாப்பு அறிவிப்புகள் இத்தனை ஆண்டுகளாகச் சாதிக்காததைச் சாதிக்கலாம் என்று நம்புகிறேன். புறப்பாட்டின்போதும் தரையிறங்கும்போதும் மேல் அடுக்குகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும் என்றும் சிலர் முன்மொழிகிறார்கள். பூட்டியிருப்பதை அறியாதவர்கள் நின்று இழுத்துக்கொண்டிருந்தால் தாமதம் கூடிவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

விரைவாக வெளியேற வேண்டும் என்பதால், பணியாளரின் உத்தரவுக்கு முன்பே கதவைத் திறந்துவிடலாம் என்று பொருள்கொள்ளக் கூடாது. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் வலப்பக்க எஞ்சின் சிதறித் தீப்பிடித்தபோது, இடப்பக்க எஞ்சின் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்க இறக்கை வழியாக இறங்கிய பயணி ஒருவர், எஞ்சினிலிருந்து பீறிட்ட காற்றால் தூக்கி எறியப்பட்டுப் படுகாயமடைந்தார். அவசர வழியருகே அமர்ந்திருப்பவர், பணியாளர் அருகில் இல்லாத நிலையில் தாமே கதவைத் திறக்க நேர்ந்தால், முதலில் சன்னல் வழியாகப் பார்த்து வெளியே தீ இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். தவறான பக்கத்துக் கதவைத் திறப்பது தீயை உள்ளே அழைப்பதாகிவிடும்.

இருக்கையில் அமர்ந்ததும் செய்ய வேண்டியவை மிகச் சில. தமக்கு முன்னும் பின்னும் அருகிலுள்ள அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது அவற்றில் முதன்மையானது. புகை சூழ்ந்துவிட்டால் கண் உதவாது, இருக்கைகளைக் கையால் தடவி எண்ணிக்கொண்டே போக வேண்டும். 1983-இல் ஏர் கனடா விமானம் ஒன்றில் கழிப்பறைப் பகுதியில் தீ ஏற்பட்டு, அது சின்சினாட்டியில் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகும் 46 பேரில் 23 பேர் இறந்தனர். கதவுகள் திறக்கப்பட்டு வெளிக்காற்று உட்புகுந்த ஒன்றரை நிமிடத்துக்குள் உட்பகுதி முழுவதும் தீப்பிடித்தது. தரையோரம் வழிகாட்டும் விளக்குகளும், கழிப்பறைகளில் புகை அறியும் கருவிகளும் கட்டாயமானதற்கு அந்த விபத்தே முக்கியக் காரணம். புகை மேலே திரளும். ஆகவே தலையைத் தாழ்த்தி, துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அந்த விளக்குகளைப் பின்பற்ற வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் காலணியைக் கழற்றாமலும், காதில் ஒலிக்கருவியைச் செருகி உறங்காமலும் இருப்பது நல்லது.

தரையில் மோத நேரிடும் என்று அறிவிக்கப்பட்டால் குனிந்து அமரச் சொல்வது வெறும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே 1989 ஜனவரியில் நடந்த விபத்தில் காயமடைந்தவர்களின் தலை, கால் காயங்களை மருத்துவர்கள் நுணுக்கமாக ஆராய்ந்த பின்னரே இன்றைய முறை உருவானது. இருக்கைப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக இறுக்கி, தலையை முன்னிருக்கையின் மேல் சாய்த்து, கைகளால் தலையை மறைத்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் பதிக்க வேண்டும். முன்னோக்கி வீசப்பட்டுத் தலை மோதுவதையும், கால்கள் முன்னிருக்கையில் அடித்து முறிவதையும் இது குறைக்கிறது. கால் முறியாதவரால்தான் எழுந்து வெளியேற முடியும்.

ஆக்சிஜன் முகக்கவசம் பற்றியும் ஒரு சொல். 35,000 அடி உயரத்தில் விமானத்தின் உள்ளழுத்தம் போய்விட்டால், தெளிவாகச் சிந்தித்துச் செயல்பட நமக்குக் கிடைப்பது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். குழந்தைக்கு முதலில் அணிவிக்கத் துடிக்கும் பெற்றோர், முடிச்சவிழ்ப்பதற்குள் தாமே மயங்கிவிட்டால் குழந்தைக்கு எவரும் இல்லை. ஆகவேதான் தமக்கு முதலில் என்கிறார்கள். முகக்கவசத்தை நன்றாகத் தம் பக்கம் இழுத்தால்தான் ஆக்சிஜன் வரத் தொடங்கும். அதிலுள்ள பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும். மூக்கும் வாயும் இரண்டும் மூடப்பட வேண்டும். 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் விமானத்தில் எஞ்சின் சிதறியபோது பயணிகள் எடுத்த படங்களில், பலர் வாயை மட்டும் மூடிக்கொண்டு மூக்கை வெளியே விட்டிருந்தார்கள். புறப்படுமுன் பணியாளர் அணிந்து காட்டியதை அவர்கள் பார்க்கவில்லை என்பது அதிலிருந்து புலப்படுகிறது.

நீரில் இறங்க நேர்ந்தால் உயிர்காப்பு மேலங்கியை அணிந்துகொண்டு, வாசலைத் தாண்டிய பிறகே அதில் காற்றை நிரப்ப வேண்டும். 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் எரிபொருள் தீர்ந்து கொமோரோஸ் தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்தபோது, உள்ளேயே மேலங்கியில் காற்றை நிரப்பிக்கொண்ட பலர், நீர் ஏறியதும் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் மூழ்கினார்கள். அதிலிருந்த 175 பேரில் 125 பேர் இறந்தனர்.

இவை அரிதாக நடப்பவை. அடிக்கடி காயம் விளைவிப்பது காற்றுக் கொந்தளிப்பு. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் 4.6 விநாடிகளில் 178 அடி கீழிறங்கியது. பட்டை அணியாதவர்கள் தூக்கி எறியப்பட்டனர், ஒருவர் இறந்தார், பலர் முதுகெலும்புக் காயங்களுடன் பாங்காக்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பட்டை விளக்கு அணைந்த பின்னும் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் பட்டையைத் தளர்வாகவேனும் அணிந்திருப்பதைத் தவிர இதற்கு வேறு தற்காப்பு இல்லை.

அண்மைக் காலத்தில் கவலை தருவது பவர் பேங்க். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படக் காத்திருந்தபோது மேல் அடுக்கில் தீ மூண்டு, விமானத்தின் கூரையே எரிந்து போயிற்று. 176 பேரும் வெளியேறிப் பிழைத்தனர். அடுக்கில் இருந்த பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்பது விசாரணையில் வந்த கருத்து. அதன் பிறகு பல விமான நிறுவனங்கள் அவற்றை மேல் அடுக்கில் வைக்கத் தடை விதித்துள்ளன. தடை இல்லாத விமானத்திலும் அதைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருப்பதே முறை. சூடேறினாலோ உப்பினாலோ மறைக்காமல் உடனே பணியாளரிடம் சொல்ல வேண்டும். இருக்கை இடுக்கில் கைப்பேசி விழுந்துவிட்டால் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடக் கூடாது. நசுங்கிய லித்தியம் பேட்டரி அங்கேயே தீப்பிடிக்கும்.

விமான நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. பாதுகாப்பு விளக்கக் காணொளிகள் இப்போது ஆடல், பாடல், நகைச்சுவை என்று நீண்டுகொண்டே போகின்றன. அவற்றைப் பார்ப்பவர் மனத்தில் பாட்டுதான் தங்கும். பெட்டியை ஏன் விட்டுவிட வேண்டும் என்ற காரணம் தங்காது. காரணத்தை ஒரே வாக்கியத்தில், பயணிக்குப் புரியும் மொழியில், முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். முதன்முறை பறக்கும் முதியவர்களுக்கும், தனியாகக் குழந்தையுடன் வருபவர்களுக்கும் பணியாளர் அரை நிமிடம் ஒதுக்கி நேரில் விளக்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் இரண்டு. விடுமுறைக் காலப் பயணங்கள் தொடங்குமுன், உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டியவை எவை, பட்டையைக் கழற்றுவது எப்படி, சறுக்கில் இறங்குவது எப்படி என்பனவற்றைப் படங்களுடன் அரைப் பக்கம் வெளியிடுங்கள். மற்றது, எங்கேனும் ஒரு விமானத்திலிருந்து பயணிகள் அவசரமாக வெளியேற்றப்பட்ட செய்தி வரும்போது, எத்தனை வழிகள் திறந்தன, வெளியேற எவ்வளவு நேரம் ஆயிற்று, எவரேனும் பெட்டியுடன் இறங்கினார்களா என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் விமான நிறுவனத்திடமும் விசாரணை அதிகாரிகளிடமும் தவறாமல் கேட்டு, கிடைக்கும் பதிலைச் செய்தியோடு சேர்த்தே அச்சிடும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களுள் ஒருவர்